உமாராணி பேரில் முல்கியா

கார் ஓடத் தயாரானபோது அதைக் கட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை.

டிரைவிங் டெஸ்டில் தோற்றது எத்தனையாவது தடவை என்று வெளியில் சொல்வதை விஜயபாஸ்கர் நிறுத்தியிருந்தான். ஷார்ஜாவில் அப்போது அது யாருக்கும் வெட்கமான விஷயம் இல்லை. ஊரில் வருஷக்கணக்கில் லாரி ஓட்டியவர்களே இங்கே வந்து திரும்பத் திரும்பத் தோற்றார்கள். ஆனால் அவர்கள் ரிவர்ஸ் எடுப்பதிலோ சிக்னலிலோ தோற்றார்கள். விஜயபாஸ்கர் வண்டி நகர்வதற்கு முன்பே தோற்றுவிடுவான். பக்கத்து இருக்கையில் போலீஸ்காரர் ஏறிக் கதவைச் சாத்தியதும் கிளட்ச்சின் மேல் வைத்த இடது கால் நடுங்க ஆரம்பித்துவிடும். வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோகும். போலீஸ்காரர் தாளில் எதையோ கிறுக்கி, "கலாஸ்" என்பார், முடிந்தது என்று.

அவன் மனைவி உமாராணி இரண்டாம் தடவையிலேயே தேறியிருந்தாள். அவளுக்கு துபாய் சத்வாவில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை. ஷார்ஜாவிலிருந்து தினமும் வேறு சிலரோடு ஒரு காரில் போய்வந்தாள். காலையில் ஒவ்வொருவராக வீட்டு வாசலில் ஏற்றி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். அந்த எரிச்சலில்தான் லைசென்ஸ் எடுத்தாள். எடுத்த பிறகும் கார் வாங்கவில்லை. "ஷெட்டுல இருக்கிறது முடியட்டும் உமா" என்று விஜயபாஸ்கர் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு வருஷத்துக்கு மேல் லைசென்ஸ் அவள் கைப்பையிலேயே கிடந்தது.

ஷெட்டில் இருந்தது, டெரெக் என்ற இங்கிலாந்துக்காரர் விட்டுவிட்டுப் போன கார். கார் என்பதைவிடப் பெட்டிகள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் நாட்டில் அப்படி விற்கிறார்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், அலுமினியத் தகடுகள், ஃபைபரில் செய்த மூக்கு, மட்கார்டுகள், எதை எங்கே முடுக்குவது என்று விளக்கும் தடித்த புத்தகம் எல்லாம் பெட்டிகளில் வரும். வாங்கியவன் வீட்டிலேயே அவற்றைக் கோத்துக் காராக்கிக்கொள்ள வேண்டும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அவனே தேடிப்பிடிக்க வேண்டும். டெரெக் சட்டத்தில் சக்கரங்களை மாட்டியதோடு அலுத்துப்போனார். பிறகு சிங்கப்பூருக்கு மாற்றலானார். அவருடைய படகில் விழுந்த விரிசலை ஒட்டிக்கொடுக்கப் போனவன் விஜயபாஸ்கர். அஜ்மானில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர் அவன். பெட்டிகளைக் காட்டி, "உனக்கு வேணுமா?" என்று டெரெக் கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை.

அது நடந்தது 2003-ல். கார் இருந்த ஷெட் கீழக்கரைக்காரரான காதர் மைதீனுடையது. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் அவர் பழைய ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். பின்னாலிருந்த ஷெட்டில் அடைசலைத் தள்ளி இடம் ஒதுக்கிக் கொடுத்ததோடு, உடைக்க வந்த ஒரு ஜப்பான் பிக்கப்பிலிருந்து இன்ஜினையும் அவரே எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் விஜயபாஸ்கர் காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவான். அவன் மகள் நீலா பள்ளியில் 'மை ஃபாதர்' என்று கட்டுரை எழுதியபோது, "ஹி லிவ்ஸ் இன் எ ஷெட் ஆன் ஃப்ரைடேஸ்" என்று எழுதினாள். டீச்சர் அதற்கு ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

முடியப்போகிறது என்று நினைத்த நேரத்தில் காதர் மைதீன் ஒருநாள் டீக் கோப்பையோடு வண்டியைச் சுற்றிவந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன் கோவிக்காதிய. ஸ்டியரிங் வலப்பக்கமால்ல இருக்கு?"

"ஆமா பாய். இங்கிலாந்து வண்டில்ல."

"நம்ம ஊருக்குச் சரி. இங்க வலப்பக்க ஸ்டியரிங்குக்கு முல்கியா தரமாட்டாங்களே."

முல்கியா என்பது வண்டியின் பதிவு அட்டை. அது இல்லாமல் தெருவில் இறக்க முடியாது. விஜயபாஸ்கருக்கு அது தெரியாமல் இல்லை. மூன்று வருஷமாக அந்த யோசனையைக் கிட்ட வரவிடாமல் வைத்திருந்தான், அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை போய் ஸ்டியரிங்கைக் கழற்றினான். ஸ்டியரிங் தண்டு, மூன்று பெடல்கள், மீட்டர்கள், ஒயர்கள் எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவர அந்தக் குளிர்காலம் முழுக்கப் போயிற்று. சைலன்சர் குழாய் மட்டும் முதலிலேயே இடப்பக்கத்தில் வெளியே ஓடியது. அதை மாற்ற வழியில்லை. ஓட்டுகிறவர் இனி அந்தக் குழாயைத் தாண்டித்தான் ஏற வேண்டும். வண்டிக்குக் கதவு கிடையாது, கூரையும் கிடையாது.

இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்த மலையாளி முதலில் வண்டியின் புகைப்படத்தைப் பார்த்தான். பிறகு விஜயபாஸ்கரின் லைசென்ஸைக் கேட்டான். இல்லை என்றதும் புகைப்படத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று விஜயபாஸ்கர் சொன்னான்.

"உன் பேர்லதான் எடுக்கணுமாம்."

உமாராணி தோசையைத் திருப்பிப் போட்டாள். "எதை?"

"எல்லாத்தையும். இன்சூரன்ஸ், முல்கியா. பாஸிங்குக்கும் நீதான் ஓட்டிட்டுப் போகணும்."

"நான் இன்னும் அதுல உக்காந்ததே இல்லையே."

"சொல்லித் தர்றேன். ஒண்ணும் கஷ்டமில்ல."

"உங்களுக்கு லைசென்ஸ் கிடைக்கிற வரைக்கும் வச்சிருக்கலாம்ல?"

அவன் கூடத்துப் பக்கம் திரும்பினான். கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்கும் உடனே தோன்றியது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றாள்.

ஷெட்டுக்குப் பின்னாலிருந்த வெற்று மணலில் அவள் ஓட்டிப் பழகினாள். தரையோடு உட்கார்ந்திருப்பது போலிருந்தது. எதிரே மூக்கு நீண்டு கிடந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் வெளியே தெரிந்தபடி திரும்பின. இருக்கை அவள் உயரத்துக்கு ஏற்ப முன்னால் தள்ளி முடுக்கப்பட்டிருந்தது. விஜயபாஸ்கர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கியருக்கும் ஏதாவது சொன்னான். முதல் நாளே இறங்கும்போது சைலன்சர் குழாயில் அவள் கெண்டைக்கால் பட்டது. பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். நீளமாகச் சிவந்திருந்தது. காதர் மைதீன் ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார். விஜயபாஸ்கர் குனிந்து குழாயைப் பார்த்து, "இதுக்கு ஒரு தடுப்பு வைக்கணும்" என்றான். அடுத்த முறையிலிருந்து அவள் ஜீன்ஸ் போட்டு வந்தாள்.

இன்சூரன்ஸ் போட்டதும், பாஸிங் என்கிற சோதனைக்குக் கொண்டுபோக மட்டும் ஒரு தற்காலிக நம்பர் கிடைத்தது. மார்ச் மாதம் ஒரு காலையில், உமாராணி லீவ் போட்டுவிட்டு, வண்டியைச் சோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போனாள். விஜயபாஸ்கர் பக்கத்தில் ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். சிக்னலில் நின்றபோது பஸ்ஸிலிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு சிறுமி கையசைத்தாள். விஜயபாஸ்கர் திரும்பக் கையசைத்தான். உமாராணி சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் வண்டியை விட்டதும் சோதனை செய்யும் சூடான்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். உயரமான மனிதர், காதில் பென்சில். வேலையாட்களோடு பேசிப் பழகிய இந்தியில்தான் எல்லோரிடமும் பேசினார்.

"மாலிக் கௌன்?"

யார் சொந்தக்காரர் என்ற கேள்வி. விஜயபாஸ்கர் ஃபைலோடு இறங்கி முன்னால் போனான். இன்ஜின் எதிலிருந்து வந்தது, சட்டம் எங்கே செய்தது, பிரேக் எந்த மாதிரி என்று ஆரம்பித்தான். சூடான்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு காகிதத்தில் இருந்த பெயரைப் படித்தார். படித்துவிட்டு உமாராணியைப் பார்த்தார்.

"நீங்கதான் மாலிக்?"

"ஆமா."

"அப்ப இவர்?"

"புருஷன். இவர்தான் கட்டினார்."

"அச்சா." அவர் விஜயபாஸ்கரைப் பார்த்து, கோபமில்லாமல், மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் நிற்கச் சொன்னார். உள்ளே ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் அனுமதி.

விஜயபாஸ்கர் கோட்டுக்கு அப்பால் போய் நின்றான். பிரேக் உருளைகளின் மேல் சக்கரங்கள் சுற்றுவதை, முகப்பு விளக்குக்கு எதிரே பெட்டியை நகர்த்திவைத்து அளப்பதை அங்கிருந்தே பார்த்தான். கடைசியில் சூடான்காரர் நீண்ட கம்பி ஒன்றைச் சைலன்சருக்குள் செருகி, உமாராணியிடம் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடிக்கச் சொன்னார். அவள் முதுகை நிமிர்த்தி, முழங்கால்களை ஒட்டிவைத்து, அசையாமல் மிதித்தாள். திரையில் எண்கள் ஏறின. அவர் கம்பியை உருவித் துடைத்துவிட்டு மறுபடி செருகினார். எண்கள் அதே இடத்துக்கு ஏறின.

"புகை ஃபெயில்" என்றார். கார்பன் மோனாக்சைடு அனுமதித்த அளவைவிட மிகவும் அதிகம். முகப்பு விளக்கு ஒன்று மேலே பார்த்தது. சட்டத்தில் சேஸிஸ் நம்பர் எங்கும் அடித்திருக்கவில்லை. விளக்கும் புகையும் சரியானால் நம்பர் விஷயத்துக்கு மாடியில் இன்ஜினியரைப் பார்க்க வேண்டும். முதலில் புகையைச் சரிசெய்து கொண்டுவரச் சொன்னார்.

காதர் மைதீனுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை.

"பாஸிங் அன்னிக்கு மட்டும் கார்பரேட்டர்ல பெட்ரோலைக் குறைச்சு வையிங்க தம்பி. பாஸானதும் பழையபடி திருப்பிக்கலாம். அல்லாரும் செய்றதுதான்."

விஜயபாஸ்கருக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் வேறு வழியும் புலப்படவில்லை. ஷெட்டில் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினுக்கு முன்னால் நின்று அவன் எத்தனையோ முறை சரிசெய்திருந்தான். அங்கே நிற்கும்போதெல்லாம் அது ஒழுங்காகத்தான் ஓடியது. கடைசியில் பெட்ரோலைக் குறைக்கும் திருகாணியை அரைச் சுற்றுக்கு மேல் உள்ளே முடுக்கினான்.

அந்த முறை அவர்கள் சோதனை நிலையத்துக்குப் போய்ச்சேரவே இல்லை. வழியில் பெரிய ரவுண்டானா ஒன்று உண்டு. ஜல்லி லாரிகளும் தண்ணீர் டாங்கர்களும் அதைச் சுற்றித்தான் துறைமுகப் பக்கம் போகும். உமாராணி உள்ளே நுழைந்து பாதி சுற்றியபோது இன்ஜின் பெட்ரோல் பற்றாமல் இருமிவிட்டு நின்றது. மறுபடி கிளப்பினாள். கிளம்பி ஒரு வண்டி நீளம் நகர்ந்து மறுபடி நின்றது. பின்னால் வந்த லாரியின் பம்பர் அவள் தலைக்கு மேலே வந்து நின்றது. ஓட்டியவன் ஹாரன் அடித்தான். அந்த உயரத்திலிருந்து லாரிக்காரனுக்கு வண்டி தெரிந்ததா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"சோக்கைப் போடு, சோக்கைப் போடு" என்றான் விஜயபாஸ்கர்.

அவள் சாவியைத் திருப்பினாள்.

"ஆக்ஸிலேட்டரை மிதிக்காத. பெட்ரோல் ஓவராப் போயிரும்."

"இறங்குங்க" என்றாள்.

"என்ன?"

"இறங்கித் தள்ளுங்க."

அவன் இறங்கித் தள்ளினான். லாரியிலிருந்து பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவரும் இறங்கி வந்து கைகொடுத்தார். ஓரத்து மணலில் வண்டியை ஏற்றி நிறுத்தியபோது உமாராணியின் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பட்டாணியர் அவளைப் பார்த்து, "சகோதரி, பெரிய வண்டி வாங்குங்க" என்று உருதுவில் சொல்லிவிட்டுப் போனார்.

பழுதான வண்டிகளை ஏற்றிப்போகும் ரிக்கவரி வண்டிக்குப் போன் பண்ணிவிட்டு இருவரும் மணலில் நின்றார்கள்.

"இனிமே இதுல நான் உக்கார மாட்டேன்" என்றாள் உமாராணி. குரலை உயர்த்தவில்லை. "நின்னு போகும்னு தெரிஞ்சுதான் என்னைய ஓட்டச் சொன்னீங்க."

"நிக்கும்னு நினைக்கல."

"நிக்கலாம்னு நினைச்சீங்கள்ல?"

அவன் "ஆமா" என்றான்.

வீட்டில் சில நாட்கள் பேச்சு குறைவாக இருந்தது. உமாராணி பழையபடி மற்றவர்களோடு காரில் சத்வாவுக்குப் போய்வந்தாள். விஜயபாஸ்கர் அடுத்த வெள்ளிக்கிழமை ஷெட்டுக்குப் போகவில்லை. நீலாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனான். போகும் வழியில் அவள், "அப்பா, ஆர் யூ சிக்?" என்று கேட்டாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உமாராணி தானாக ஆரம்பித்தாள்.

"அந்தச் சோக் குமிழ் ஏன் உள்ள போகவே மாட்டேங்குது?"

"போகுமே. நான்தான் ஒவ்வொரு தடவையும் அமுக்கிப் பாக்குறேனே."

"போகும். வண்டி சூடானதும் தானா வெளிய வந்துரும். ஒரு விரல் அளவு. எனக்கு வலது முழங்கால்ல இடிக்கும். முழங்காலாலயே அமுக்கி அமுக்கித்தான் ஓட்டுறேன். அமுக்கினா சத்தம் லேசாயிரும்."

விஜயபாஸ்கர் சோற்றில் கையை வைத்தபடி அவளைப் பார்த்தான்.

"பாஸிங்ல அமுக்கினியா?"

"எப்படி அமுக்கிறது? அந்த ஆள் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. காலைச் சேத்து வச்சு உக்காந்திருந்தேன்."

அவன் கைகழுவிவிட்டுச் சட்டையை மாட்டினான். ஷெட்டுக்குப் போய்ப் பார்த்ததும் விளங்கிவிட்டது. சோக் என்பது குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவதற்காகப் பெட்ரோலை அதிகமாக விடுகிற அமைப்பு. அதை இழுக்கும் ஒயர் வலப்பக்க ஸ்டியரிங்குக்கு அளவெடுத்தது. குமிழை இடப்பக்கம் கொண்டுவந்தபோது ஒயர் எப்படியோ எட்டிவிட்டதால் அதையே மாட்டியிருந்தான். அது விறைப்பாக இழுபட்டு நின்றது. இன்ஜின் சூடாகி ஆட ஆரம்பித்ததும் அந்த ஆட்டத்திலேயே சோக் கொஞ்சம் இழுபட்டு, பெட்ரோல் அதிகமாகிப் புகை ஏறியது. மூடியைத் திறந்துவைத்து முன்னால் நின்று சரிசெய்கிறவன் கார்பரேட்டர் பக்கம் கையால் அதைத் தள்ளிவிட்டே பார்ப்பான். உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் அது தெரியும். அவன் அந்த வண்டியை ஒருநாளும் சாலையில் ஓட்டியதில்லை.

காதர் மைதீன் கடையில் ஒரு பிக்கப்பின் நீளமான ஒயர் கிடைத்தது. மாட்டிய பிறகு திருகாணியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். வீட்டுக்கு வந்து உமாராணியிடம், "ஒயரை மாத்திட்டேன். நீ சொன்னதுதான்" என்றான். பிறகு, "இந்தத் தடவை ரிக்கவரியில ஏத்திட்டுப் போயிரலாம். நீ உள்ள வரிசையில மட்டும் ஓட்டினாப் போதும்" என்றான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வேணாம். ஓட்டியே போவோம். வேற ரோடு வழியா."

சூடான்காரர் அவர்களை மறக்கவில்லை. விஜயபாஸ்கர் சொல்லாமலே மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் நின்றான். விளக்கு சரியாக இருந்தது. கம்பி சைலன்சருக்குள் போனது. உமாராணி ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். எண்கள் ஏறிப் பாதியில் நின்றன. இன்னும் கொஞ்சம் மிதிக்கச் சொன்னார். நின்ற இடத்திலேயே இருந்தன. அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"புகை பாஸ். மாடிக்குப் போங்க."

மாடியில் பெண்களுக்குத் தனி வரிசை. அதில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆண்கள் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. ஃபைலைக் கணவனிடமிருந்து வாங்கிக்கொண்டு உமாராணி உள்ளே போனாள்.

இன்ஜினியர் இந்த நாட்டுக்காரர், இளவயது, வெள்ளைக் கந்தூரா அங்கி. ஆங்கிலத்தில் பேசினார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இதைச் செய்த கம்பெனி எது?" என்றார்.

"கம்பெனி இல்லை. பெட்டியில் வந்தது. என் கணவர் முடுக்கினார்."

"இன்ஜின்?"

"பழைய பிக்கப்பிலிருந்து. அதன் முல்கியாவை ரத்து செய்த காகிதம் உள்ளே இருக்கிறது."

"பிரேக்?"

"அதே பிக்கப் என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன்."

"இரண்டு இருக்கைதான் இருக்கிறது. வீட்டில் எத்தனை பேர்?"

"மூன்று."

"அப்போது?"

"மூன்றாவது ஆள் பஸ்ஸில் வரட்டும்" என்றாள்.

அவர் முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார்.

கீழே வந்து சட்டத்தில் பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் குனிந்து பார்த்தார். விரலால் தட்டினார். பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கந்தூராவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வலப்பக்க இருக்கையில் இறங்கி உட்கார்ந்தார். நிலையத்துக்குப் பின்னால் வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் திடல் இருந்தது. "ஓட்டுங்க. நான் கையைக் காட்டும்போது முழு பிரேக் போடுங்க" என்றார்.

விஜயபாஸ்கரைத் திடலுக்குள் விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்றான். வண்டி அவனைக் கடந்து போனது. மூன்று வருஷமாக அந்த இன்ஜினின் சத்தத்தை அவன் மிக அருகில் மட்டுமே கேட்டிருந்தான். அல்லது அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தான். அது விலகிப்போவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. திடலின் மூலையில் வண்டி திரும்பியபோது வெளிச்சக்கரம் மண்ணைத் தள்ளிக்கொண்டு வளைந்தது. மூக்கு தாழ்ந்து நிமிர்ந்தது. உமாராணி கியரை மாற்றுவது தோள் அசைவில் தெரிந்தது. திடீரென்று நான்கு சக்கரமும் ஒன்றாக நின்றன. தூசி எழுந்து இருவரையும் மூடியது. தூசி அடங்கியபோது வண்டி நேராக நின்றுகொண்டிருந்தது. இன்ஜினியர் மறுபடி கையைக் காட்டினார். இன்னொரு சுற்று.

தனக்கு வந்தது சந்தோஷம்தானா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துப் பேண்ட் பையில் விட்டுக்கொண்டான்.

திரும்பி வந்து இறங்கிய இன்ஜினியர் கந்தூராவில் ஒட்டிய தூசியைத் தட்டினார். வேலிக்கு இப்பால் நின்ற விஜயபாஸ்கரிடம், "நீங்கதான் கட்டினீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"ஓட்டுவீங்களா?"

"லைசென்ஸ் இல்ல சார்."

இன்ஜினியர் வண்டியின் இடப்பக்கத்தைக் காட்டினார். சைலன்சர் குழாயின் மேல் சூடு தடுக்கும் உறை வைக்க வேண்டும், அதை வைத்துக் காட்டினால் மேலிடத்துக்கு எழுதி அனுப்புகிறேன் என்றார். விஜயபாஸ்கர் உமாராணியின் காலைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

உறையை அன்றைக்கே செய்தான். மேலிடத்திலிருந்து பதில் வரத் தாமதமாயிற்று. இடையில் கோடை வந்துவிட்டது. கூரையில்லாத வண்டியை அந்த வெயிலில் யாராலும் ஓட்டியிருக்க முடியாது என்பதால் காத்திருப்பது பெரிய கஷ்டமாக இல்லை. ஒருநாள் மருத்துவமனையில் இருந்தபோது உமாராணிக்குப் போன் வந்தது. வண்டியைக் கொண்டுவந்தால் சட்டத்தில் நம்பர் அடித்துத் தருவார்கள் என்று சொன்னார்கள்.

முல்கியா கைக்கு வந்தது செப்டம்பர் கடைசியில். உற்பத்தியாளர் என்ற இடத்தில் 'மற்றவை' என்று இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் உமாராணியின் பெயர் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அரபியில் அது எப்படி எழுதப்படும் என்று அவள் அன்றுதான் பார்த்தாள். வெளியே வந்து நிழலில் நின்று விஜயபாஸ்கர் அந்த அட்டையை இரண்டு பக்கமும் படித்தான்.

"உங்க பேரு எங்கயும் இல்லைல்ல" என்றாள்.

"எதுக்கு இருக்கணும்?"

"இருந்திருக்கலாம்."

"பரவால்ல. நல்லா வந்துருச்சு" என்று அட்டையை அவளிடம் கொடுத்தான். "நீ சொல்லலைன்னா அந்த ஒயரை நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். இன்ஜினையே மாத்தியிருப்பேன்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

நவம்பரில் இருந்து மார்ச் வரை உமாராணி அந்த வண்டியில்தான் சத்வாவுக்குப் போனாள். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு போவாள். மருத்துவமனைக்கு எதிரே இருந்த தையல்கடைக்காரர்கள் அவளுக்காக நிழலில் இடம் பிடித்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஒருமுறை அப்பா, ஒருமுறை மகள் என்று அவளோடு முறைவைத்து வெளியே போனார்கள். நீலாவுக்கு வண்டியில் போவது பிடித்தது. பள்ளிக்கு அருகில் மட்டும் இறங்க மறுத்தாள்.

விஜயபாஸ்கர் டெஸ்டுக்குப் போவதை விட்டுவிட்டான் என்றுதான் உமாராணி நினைத்திருந்தாள். அவன் விடவில்லை. சொல்லாமல் போய்வந்துகொண்டிருந்தான். 2008 பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்து மேசை மேல் லைசென்ஸை வைத்தான். அன்று ஏறிய போலீஸ்காரர் வழியெல்லாம் போனில் யாரோடோ பேசிக்கொண்டே வந்தாராம். அவனைக் கவனிக்கவே இல்லையாம்.

"கால் நடுங்கலையா?" என்றாள்.

"மறந்துபோச்சு."

அவள் சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவன் தனியாகப் போனான். பாலைவனத்துப் பக்கம் போகும் தைத் சாலையில் போய்விட்டு அஸ்தமனத்துக்குத் திரும்பி வந்தான். முகம் முழுக்க மணல். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். உமாராணி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"ரெண்டாவதுல இருந்து மூணாவது கியர் ஒட்டுது."

"ஒட்டும். கிளட்ச்சை ரெண்டு தடவை மிதிச்சா விழும்."

"நீ சொல்லவே இல்லையே. கழட்டிச் சரி பண்ணிரலாம்."

"வேணாம்" என்றாள். "எனக்குப் பழகிருச்சு."

விஜயபாஸ்கர் டீயை எடுத்தான். வற்புறுத்தவில்லை. அதன் பிறகு அவன் தொழிற்சாலைக்குப் போகப் பழைய ஜப்பான் கார் ஒன்று வாங்கிக்கொண்டான். தான் கட்டிய வண்டியை வருஷத்துக்கு ஒரு தடவை, பாஸிங்குக்குக் கொண்டுபோக மட்டும் அவளிடம் கேட்டு வாங்கினான். வரிசையில் உட்கார்ந்து, கம்பியைச் செருகிய பிறகு திரையில் எண்கள் எங்கே போய் நிற்கின்றன என்று பார்ப்பது அவனுக்குப் பிடித்திருந்தது.